தொழிற்சாலைகளில் நடப்பு மின்சுமை மதிப்பீடு

நடப்பு மின்சுமை மதிப்பீடு என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலையின் மின்மாற்றி, கம்பிவடங்கள், மின்பலகைகள் ஆகியவற்றின் மீது உண்மையில் எவ்வளவு சுமை உள்ளது என்பதை அளவீடுகளாலும் கணக்கீடுகளாலும் கண்டறியும் முறை ஆகும். புதிய எந்திரங்களைச் சேர்க்கும் முன்பும், மின்வாரியத்திடம் ஒப்பந்தத் தேவையை உயர்த்தக் கோரும் முன்பும், மின்னாக்கி அல்லது மின்மாற்றியின் அளவைத் தெரிவு செய்யும் முன்பும் இம்மதிப்பீடு செய்யப்படுகிறது.

புதிய கட்டடம் ஒன்றுக்குச் சுமையைக் கணிப்பதும், ஏற்கனவே உள்ள கட்டடத்தின் சுமையை மதிப்பிடுவதும் வெவ்வேறு பணிகள். முன்னதில் வரைபடமும் எந்திரப் பட்டியலும் மட்டுமே கையில் இருக்கும். பின்னதில் பல ஆண்டு மின்கட்டணப் பட்டிகளும், அளந்து பார்க்கக்கூடிய கம்பிகளும் உள்ளன. எனினும் பழைய தொழிற்சாலைகளில் எந்திரங்கள் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், தொடக்க கால வரைபடங்கள் இன்றைய நிலைக்குப் பொருந்துவது அரிது.

அடிப்படைக் கருத்துகள்

இணைக்கப்பட்ட சுமை: தொழிற்சாலையில் மின்வழங்கலோடு இணைக்கப்பட்டுள்ள அனைத்துக் கருவிகளின் முழுத்திறன்களின் கூட்டுத்தொகை.

உச்சத் தேவை: ஒரு குறிப்பிட்ட காலத்துள் பதிவான மிக உயர்ந்த சராசரித் தேவை. இது கணப்பொழுதில் தோன்றி மறையும் உச்சம் அன்று. பொதுவாக 15 அல்லது 30 நிமிட இடைவெளி ஒவ்வொன்றிலும் சராசரி எடுக்கப்பட்டு, அவற்றுள் மிகப் பெரியது உச்சத் தேவையாகக் கொள்ளப்படும்.

தேவைக் காரணி: உச்சத் தேவையை இணைக்கப்பட்ட சுமையால் வகுக்கக் கிடைப்பது. இது பெரும்பாலும் ஒன்றைவிடக் குறைவாகவே இருக்கும்.

பல்வகைமைக் காரணி: தனித்தனிப் பிரிவுகளின் உச்சத் தேவைகளைக் கூட்டி, முழுத் தொழிற்சாலையின் உச்சத் தேவையால் வகுக்கக் கிடைப்பது. எல்லாப் பிரிவுகளும் ஒரே வேளையில் உச்சத்தை எட்டுவதில்லை என்பதால் இது ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டோ இருக்கும்.

சுமைக் காரணி: சராசரிச் சுமையை உச்சத் தேவையால் வகுக்கக் கிடைப்பது. இரவு பகலாக ஓடும் ஆலைகளில் இது உயர்ந்தும், ஒரே பணிமுறை கொண்ட பட்டறைகளில் தாழ்ந்தும் இருக்கும்.

திறன் காரணி: உண்மைத் திறனுக்கும் (கிலோவாட்) தோற்றத் திறனுக்கும் (கே.வி.ஏ.) உள்ள விகிதம். மின்மாற்றியும் கம்பிவடமும் சுமப்பது மின்னோட்டத்தையே என்பதால், அவற்றின் கொள்ளளவு கே.வி.ஏ. அல்லது ஆம்பியரில் மதிப்பிடப்படுகிறது.

மும்முனை மின்வழங்கலில் இவற்றை இணைக்கும் வாய்பாடு:

உண்மைத் திறன் = √3 × முனைகளுக்கு இடைப்பட்ட மின்னழுத்தம் × மின்னோட்டம் × திறன் காரணி

வரலாறு

மின்சாரத்தின் விலை, பயன்படுத்திய ஆற்றலின் அளவை மட்டும் பொறுத்ததன்று, உச்சத் தேவையையும் பொறுத்தது என்ற கருத்து 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவாயிற்று. ஒரு நாளில் ஒரு மணி நேரம் மட்டுமே தேவைப்படும் திறனுக்கும் மின்னாக்கியும் கம்பிகளும் ஆண்டு முழுவதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆகவே நிலையான செலவுக்கு ஒரு பகுதியும், பயன்படுத்திய ஆற்றலுக்கு ஒரு பகுதியுமாகக் கட்டணம் அமைய வேண்டும் என ஜான் ஹாப்கின்சன் 1892 இல் எடுத்துரைத்தார். பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் உச்சத் தேவையைக் காட்டும் கருவியொன்றை உருவாக்கிப் பயன்படுத்தினார். அதனைக் கண்ட சாமுவேல் இன்சல் சிகாகோவில் அம்முறையைப் பின்பற்றினார்.

இன்று தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் உயரழுத்த நுகர்வோருக்கு வழங்கப்படும் கட்டணப் பட்டியில், யூனிட் கணக்கில் ஆற்றலும் கே.வி.ஏ. கணக்கில் உச்சத் தேவையும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. கட்டணம் கணிப்பதற்காகத் தோன்றிய இந்த எண்ணே சுமை மதிப்பீட்டுக்கு மிக எளிதில் கிடைக்கும் சான்றாகவும் அமைந்துள்ளது.

மதிப்பீட்டு முறைகள்

பெயர்த்தகட்டு முறை

ஒவ்வொரு எந்திரத்தின் பெயர்த்தகட்டில் உள்ள திறனைக் குறித்துக்கொண்டு கூட்டுவது இம்முறை. மின்னோடியின் பெயர்த்தகட்டில் உள்ள கிலோவாட் அல்லது எச்.பி. அளவு, அதன் தண்டில் கிடைக்கும் எந்திரத் திறனைக் குறிக்கும். மின்வழங்கலிலிருந்து பெறும் திறனை அறிய, அதனைப் பயனுறுதிறனால் வகுக்க வேண்டும். ஒரு எச்.பி. 746 வாட் எனக் கொள்ளப்படுகிறது.

கூட்டுத்தொகை பொதுவாக உண்மைச் சுமையைவிட மிக அதிகமாக வரும். மின்னோடிகள் தேவைக்குச் சற்றுப் பெரியனவாகவே தெரிவு செய்யப்படுகின்றன. மாற்றுக்காக வைத்துள்ள கம்பிரசர்களும் பம்புகளும் பட்டியலில் இடம்பெறும், ஆனால் முதன்மை எந்திரத்தோடு சேர்ந்து ஓடா. எனவே இம்முறையின் பயன், தொழிற்சாலையில் எவை உள்ளன என்ற பட்டியலைத் தருவதே ஆகும்.

கட்டணப் பட்டி முறை

கடந்த 12 மாதங்களின் உச்சத் தேவைகளை எடுத்து, அவற்றுள் மிகப் பெரியதைத் தெரிவு செய்வது இம்முறை. பருவகால மாற்றங்கள் அனைத்தும் ஓராண்டுக்குள் அடங்கிவிடுவதால் இது நம்பகமானது. உச்சத் தேவை குறிக்கப்படாத பட்டிகளில், மாத ஆற்றலை இயங்கிய மணிநேரத்தால் வகுத்துச் சராசரிச் சுமையை அறியலாம். உச்சத்தை ஊகிக்க, அதனைச் சுமைக் காரணியால் வகுக்க வேண்டும். சுமைக் காரணியே ஊகமாக இருப்பின் விடையும் ஊகமாகவே அமையும்.

பதிவுக் கருவி முறை

முதன்மை மின்பலகையிலோ, ஒரு பிரிவுக்குச் செல்லும் கம்பிவடத்திலோ பதிவுக் கருவியைப் பொருத்தி, சில வாரங்களுக்குத் தொடர்ந்து பதிவு செய்வது இம்முறை. கட்டணப் பட்டி முழுத் தொழிற்சாலைக்கான ஓர் எண்ணை மட்டுமே தரும். எந்தப் பிரிவில் இடம் உள்ளது, எந்த நேரத்தில் உச்சம் தோன்றுகிறது என்பவற்றை இக்கருவியே காட்டும்.

கணநேர அளவீடு

கிளாம்ப் மீட்டரைக் கம்பியைச் சுற்றிக் கவ்வி, மின்னோட்டத்தை அளப்பது இம்முறை. கம்பியைத் துண்டிக்கத் தேவையில்லை என்பதால் இது எளிது. ஆனால் கிடைப்பது அந்தக் கணத்தின் சுமை மட்டுமே. ஆண்டின் உச்சத்தைப் பற்றி அது எதுவும் கூறாது.

மின்னோடி ஒன்றின் சுமையை மின்னோட்டத்தை மட்டும் கொண்டு கணிப்பதிலும் பிழை நேரலாம். எடுத்துக்காட்டாக, 415 வோல்ட்டில் முழுச்சுமைக்கு 53 ஆம்பியர் எடுக்கும் 30 கிலோவாட் மின்னோடி ஒன்று, சுமையே இல்லாதபோதும் 18 ஆம்பியர் எடுக்கக்கூடும். அந்த மின்னோட்டத்தின் பெரும்பகுதி காந்தப் புலத்தை உருவாக்குவதற்கே செல்கிறது. எனவே 26 ஆம்பியர் ஓடுகிறது எனில் மின்னோடி பாதிச் சுமையில் உள்ளது எனக் கொள்வது தவறு. உண்மைச் சுமை அதைவிடக் குறைவாக இருக்கும். திறனை நேரடியாக அளக்கும் கருவியே இங்குப் பொருத்தமானது.

நழுவல் முறை

தூண்டல் மின்னோடியின் வேகம் சுமைக்கேற்பச் சிறிது குறையும். 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மின்னோடியின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்திற்கு 1500 சுற்றுகள். பெயர்த்தகட்டு வேகம் 1460 எனில் முழுச்சுமை நழுவல் 40. அளந்த வேகம் 1476 எனில் நழுவல் 24. ஆகவே சுமை ஏறத்தாழ 60 விழுக்காடு. மின்னழுத்தம் பெயர்த்தகட்டு அளவிலிருந்து மாறுபட்டால் திருத்தம் செய்ய வேண்டும். பெயர்த்தகட்டு வேகம் முழு எண்ணாகத் திருத்தி எழுதப்படுவதாலும், நழுவலில் 20 விழுக்காடு வரை வேறுபாடு அனுமதிக்கப்படுவதாலும் இம்முறை தோராயமானதே.

125 விழுக்காட்டு விதி

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பில் நடப்புச் சுமையை மதிப்பிடுவதற்கெனத் தனி விதி உள்ளது. 2023 பதிப்பில் அது 220.87 என எண்ணிடப்பட்டுள்ளது. அதன் சாரம் வருமாறு:

1. ஓராண்டுக்கான உச்சத் தேவை விவரம் இருக்க வேண்டும்.
2. அந்த உச்சத் தேவையின் 125 விழுக்காட்டுடன் புதிய சுமையைக் கூட்டினால் வரும் தொகை, கம்பிவடத்தின் அல்லது மின்வழங்கல் அமைப்பின் கொள்ளளவை விஞ்சக் கூடாது.
3. அக்கம்பிவடத்திற்கும் மின்வழங்கலுக்கும் உரிய மிகைமின்னோட்டப் பாதுகாப்பு இருக்க வேண்டும்.

ஓராண்டு விவரம் கிடைக்காதபோது, மிகுந்த சுமையுள்ள முனையில் பதிவுக் கருவியை இணைத்துக் குறைந்தது 30 நாட்கள் தொடர்ந்து பதிவு செய்து, 15 நிமிடச் சராசரிகளுள் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். கட்டடம் பயன்பாட்டில் உள்ளபோதே பதிவு நிகழ வேண்டும். அந்த நாட்களில் ஓடாத வெப்பமூட்டும் அல்லது குளிரூட்டும் கருவிகளின் சுமையையும், அவ்வப்போது மட்டும் வரும் பிற சுமைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்விதி அமெரிக்காவுக்கு உரியது. பிற நாடுகளில் அந்தந்த நாட்டு விதிகளே செல்லும். ஆயினும் அளந்த உச்சத்தின் மேல் ஓர் இடைவெளி விட்டுப் புதிய சுமையைக் கூட்டும் இம்முறை, ஓர் அளவுகோலாகப் பிற இடங்களிலும் பயன்படத்தக்கது.

எடுத்துக்காட்டு

நூற்பாலை ஒன்றில் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் 1000 கே.வி.ஏ. மின்மாற்றி இருப்பதாகக் கொள்வோம். அதன் தாழழுத்தப் பக்க முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 1333 ஆம்பியர். ஆலையில் 120 கிலோவாட் அளவுக்குப் புதிய எந்திரங்களைச் சேர்க்க வேண்டும். மின்மாற்றி தாங்குமா என்பது வினா. கீழுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கற்பிக்கப்பட்டவை.

பெயர்த்தகடுகளின்படி சுமைப் பட்டியல்:

- புளோரூம், கார்டிங்: 190 கிலோவாட்
- டிராயிங், சிம்ப்ளக்ஸ்: 80 கிலோவாட்
- ரிங் பிரேம்கள்: 420 கிலோவாட்
- கோன் வைண்டிங்: 90 கிலோவாட்
- ஈரப்பதக் கட்டுப்பாட்டு அமைப்பு: 120 கிலோவாட்
- கம்பிரசர்கள்: 70 கிலோவாட்
- விளக்குகளும் பிறவும்: 40 கிலோவாட்

மொத்தம் 1010 கிலோவாட். இதில் மின்னோடிகளின் பங்கு 970 கிலோவாட். சராசரிப் பயனுறுதிறன் 0.92 எனில் அவை பெறும் மின்திறன் 1054 கிலோவாட். விளக்குகளோடு சேர்த்து 1094 கிலோவாட். திறன் காரணி 0.89 எனில் தோற்றத் திறன் சுமார் 1230 கே.வி.ஏ. இக்கணக்கின்படி மின்மாற்றி ஏற்கனவே 23 விழுக்காடு மிகைச்சுமையில் உள்ளது. பல ஆண்டுகளாக அது இடரின்றி ஓடுவதால், கணக்கே பொருந்தவில்லை என்பது தெளிவு.

மாறாக, திசம்பர் மாத இரவொன்றில் கிளாம்ப் மீட்டர் 720 ஆம்பியர் காட்டுகிறது எனக் கொள்வோம். 415 வோல்ட்டில் இது 518 கே.வி.ஏ. ஆகும். புதிய எந்திரங்களின் தேவை, பயனுறுதிறன் 0.92, திறன் காரணி 0.9 எனக் கொண்டால், 145 கே.வி.ஏ. இரண்டும் சேர்ந்து 663 கே.வி.ஏ. மட்டுமே. நிரம்ப இடம் இருப்பதாகத் தோன்றும்.

முதற் கணக்கை நம்பினால் தேவையற்ற புதிய மின்மாற்றிக்குப் பணம் செலவாகும். இரண்டாம் கணக்கை நம்பினால், கோடையில் என்ன நிகழும் என்பது தெரியாமலே எந்திரங்கள் இணைக்கப்படும்.

இனி, 12 மாதக் கட்டணப் பட்டிகளில் மிக உயர்ந்த உச்சத் தேவை ஏப்ரல் மாதத்தில் 712 கே.வி.ஏ. எனவும், அப்போதைய திறன் காரணி 0.89 எனவும் கொள்வோம். வெப்பமும் வறட்சியும் மிகுந்த அம்மாதத்தில் ஈரப்பதக் கட்டுப்பாட்டு அமைப்பு முழு அளவில் ஓடுகிறது. உண்மைத் திறன் 634 கிலோவாட். தேவைக் காரணி 634 ÷ 1094, அதாவது 0.58. அம்மாதத்தின் 720 மணிநேரத்தில் 3,45,600 யூனிட் பயன்பட்டிருந்தால் சராசரிச் சுமை 480 கிலோவாட், சுமைக் காரணி 0.76.

125 விழுக்காட்டு விதியின்படி:

712 × 1.25 = 890 கே.வி.ஏ.
890 + 145 = 1035 கே.வி.ஏ.

இது மின்மாற்றியின் கொள்ளளவை 35 கே.வி.ஏ. விஞ்சுகிறது. ஆகவே உள்ளபடியே புதிய எந்திரங்களைச் சேர்க்க இயலாது. ஆனால் மின்தேக்கிகளைப் பொருத்தித் திறன் காரணியை 0.98 ஆக உயர்த்தினால் நிலைமை மாறும். பழைய சுமை 634 ÷ 0.98 = 647 கே.வி.ஏ. ஆகக் குறையும். அதன் 125 விழுக்காடு 809 கே.வி.ஏ. புதிய சுமை, அதே திறன் காரணியில், 133 கே.வி.ஏ. மொத்தம் 942 கே.வி.ஏ. இது 1000 க்குள் அடங்குகிறது. இதற்குப் பழைய சுமைக்கு ஏறத்தாழ 196 கே.வி.ஏ.ஆர்., புதிய சுமைக்கு ஏறத்தாழ 37 கே.வி.ஏ.ஆர். என மொத்தம் 233 கே.வி.ஏ.ஆர். மின்தேக்கிகள் வேண்டும்.

மின்தேக்கி, மின்வழங்கல் மூலத்திற்கும் தனக்கும் இடைப்பட்ட பகுதியின் மின்னோட்டத்தையே குறைக்கும். முதன்மை மின்பலகையில் பொருத்தினால் மின்மாற்றியின் சுமை குறையும், எந்திரத்திற்குச் செல்லும் கம்பிவடத்தின் சுமை குறையாது. மேலும் 647 என்பது கணித்த எண்ணே. மின்தேக்கிகளைப் பொருத்திய பின் மீண்டும் அளந்து உறுதி செய்தபின்பே புதிய எந்திரங்களை இணைப்பது முறையாகும்.

பிழை நேரும் இடங்கள்

சொந்த மின்னாக்கிகள்: டீசல் மின்னாக்கியில் ஓடிய சுமை மின்வாரியத்தின் அளவியில் பதிவாகாது. தமிழ்நாட்டில் 2008 முதல் பல ஆண்டுகள் நிலவிய மின்வெட்டுக் காலத்துப் பட்டிகள் இதற்கு எடுத்துக்காட்டு. தொழிற்சாலைக்கு எவ்வளவு மின்சாரம் கிடைத்தது என்பதையே அவை காட்டும், எவ்வளவு தேவைப்பட்டது என்பதையன்று.

சூரிய மின்தகடுகள்: கூரையில் உற்பத்தியாகும் மின்சாரம் பகற்சுமையை அளவியிடமிருந்து மறைத்துவிடும். மேகமூட்டமான நாளில் அச்சுமை முழுவதும் மின்மாற்றியின் மீது இறங்கும்.

பெருக்கற் காரணி: உயர்ந்த மின்னோட்டங்கள் மின்னோட்ட மாற்றி வழியாகவே அளக்கப்படுகின்றன. அளவியில் காணும் எண்ணை உரிய காரணியால் பெருக்கத் தவறினாலோ, மாற்றியை மாற்றியபின் பழைய காரணியையே பயன்படுத்தினாலோ, மதிப்பீடு பல மடங்கு பிழையாகும்.

சமமற்ற முனைகள்: மூன்று முனைகளின் சராசரி தாங்கும் அளவுக்குள் இருக்கையில், ஒரு முனை மட்டும் மிகைச்சுமையில் இருக்கக்கூடும். மிகுந்த சுமையுள்ள முனையே கணக்குக்கு உரியது.

ஹார்மோனிக் மின்னோட்டங்கள்: மின்னோடியின் வேகத்தை மாற்றும் மின்னணு இயக்கிகள், கணினிகள், எல்.ஈ.டி. விளக்குகள் ஆகியன சைன் வடிவம் சிதைந்த மின்னோட்டத்தை எடுக்கின்றன. சராசரியைக் கொண்டு அளவிடும் எளிய மீட்டர்கள் இங்குக் குறைத்துக் காட்டக்கூடும். உண்மையான ஆர்.எம்.எஸ். மதிப்பை அளக்கும் மீட்டர் வேண்டும். ஒருமுனைச் சுமைகளின் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் நியூட்ரல் கம்பியில் ஒன்றையொன்று நீக்காமல் கூடிவிடுவதால், அக்கம்பியையும் அளக்க வேண்டும். இத்தகைய ஆலைகளில் மின்தேக்கிகளைப் பொருத்தும்போது ஒத்ததிர்வு ஏற்படாதிருக்க, தொடர்நிலைத் தூண்டிச் சுருள்கள் சேர்க்கப்படுகின்றன.

தொடக்க மின்னோட்டம்: நேரடியாகத் தொடங்கும் தூண்டல் மின்னோடி, முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் ஆறு மடங்கு அளவுக்குச் சில நொடிகள் எடுக்கக்கூடும். 15 நிமிடச் சராசரியில் இது ஏறத்தாழ மறைந்துவிடும். ஆனால் மின்னழுத்த வீழ்ச்சிக்கும் சர்க்யூட் பிரேக்கர் விழுவதற்கும் இது காரணமாகலாம். மின்தடை நீங்கியதும் எல்லா எந்திரங்களும் ஒருங்கே தொடங்கும் நிலையைத் தனியே ஆராய வேண்டும்.

மிகைச்சுமையின் விளைவுகள்

மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்வெப்பம் மின்காப்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. எண்ணெய் நிரப்பிய மின்மாற்றிகளில், வெப்பத்தைத் தாங்கும் சிறப்புப் பதப்படுத்தல் செய்யப்படாத காப்புத்தாளுக்கு 98 பாகை செல்சியசில் ஒரு நியமச் சிதைவு வீதம் கொள்ளப்படுகிறது. சுருளின் மிகச் சூடான இடத்தில் வெப்பநிலை ஒவ்வொரு 6 பாகை உயரும்போதும் அவ்வீதம் இரட்டிக்கிறது. 110 பாகையில் தொடர்ந்து ஓடும் மின்மாற்றி, 98 பாகையில் ஓடுவதைப் போல் நான்கு மடங்கு விரைவாக முதுமையடையும்.

மேற்கண்ட நூற்பாலையின் உச்சத் தேவை ஏப்ரலில் தோன்றியதும் கருதத்தக்கது. சுமை மிகும் அதே மாதத்தில் சுற்றுப்புற வெப்பமும் மிகுகிறது. குளிர்ந்த இரவில் எடுத்த ஓர் அளவீடு இவ்விரண்டையும் மறைத்துவிடும். இதன் சேதம் உடனே தெரிவதில்லை. பல கோடைகள் கடந்த பின் ஒரு மின்குறுக்கு, சுருள் எரிதல் அல்லது தீ விபத்தாக வெளிப்படும்.

பாதுகாப்பு

உயிருள்ள மின்பலகையைத் திறந்து அளவிடுவது பயிற்சியும் உரிய தகுதியும் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்ய வேண்டிய பணி. மின்வில் வெடிப்பு, மின்னதிர்ச்சி ஆகிய இரு ஆபத்துகளும் உள்ளன. மின்னோட்டம் பாயும்போது மின்னோட்ட மாற்றியின் துணைச்சுற்றைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் அதன் முனைகளில் உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் தோன்றும். அளவிடும் கருவி, பொருத்தப்படும் இடத்திற்குரிய மூன்றாம் அல்லது நான்காம் அளவீட்டு வகையைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

மதிப்பீட்டைப் பேணுதல்

ஒரு முறை செய்த மதிப்பீடு, அடுத்த எந்திரம் சேரும் வரையே செல்லும். ஆதலால் அளவீட்டு நாள், இடம், பயன்படுத்திய கருவி, பெருக்கற் காரணி, அப்போது ஓடிய எந்திரங்கள், ஓடாதவை ஆகியவற்றை ஒற்றைக் கோட்டு மின்வரைபடத்தோடு சேர்த்துப் பதிவு செய்வது வழக்கம். இப்பதிவு இருப்பின், அடுத்து வருபவர் பெயர்த்தகடுகளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. புதிய சுமையை மட்டும் கூட்டி, அளந்து சரிபார்த்தால் போதும்.